அத்தானை ஞாயிற்றுக்கிழமை வெளியே விடாதே

கண்ணாடிக் கடை,
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கடை சாத்தியிருக்கும் நேரம்.

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் உன் மருமகளும் நலம். அங்கே நீயும் அத்தானும் அதே போல நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் நலம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை தாங்குமா என்பதுதான் தெரியவில்லை. தாங்குவதும் தாங்காததும் உன் கையில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறானே, தம்பிக்கு என்ன வந்தது என்று நீ நினைப்பாய். போன் பண்ணினால் அத்தான் எடுக்கிறார். நீயே எடுத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "யாரு, மச்சானா? ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். ஸ்பீக்கரில் போட்ட பிறகு அத்தானைப் பற்றி நான் என்னத்தைப் பேச? ஆகவே இதை என் கடைப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் வீட்டுக்குப் போகும் வழியில்தான் உன் அலுவலகம். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. கிழித்த துண்டுகளை வீட்டுக் குப்பையில் போட்டுவிடாதே. அத்தான் ஒட்டி வைத்துப் படிப்பார்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை உன் மருமகளின் கால்பந்து அணிக்கு இறுதி ஆட்டம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகள் அணியில் அவள்தான் கோல்கீப்பர் என்பது உனக்குத் தெரியும். இறுதி ஆட்டத்துக்கு வந்ததிலிருந்து கையுறையைப் போட்டுக்கொண்டே தூங்குகிறாள், காலையில் பல் தேய்க்கத்தான் கழற்றுகிறாள், நேற்று அதோடேயே சாப்பிடப் பார்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்த ஆட்டத்துக்கு அத்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். லாரியில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு ஹார்ன், கையில் பிடித்து அமுக்குகிற ரகம், வாங்கி வைத்திருக்கிறாராம். "குழந்தைக்குத் தைரியம் வேணும்ல" என்றார். அக்கா, அவர் வரக் கூடாது. உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், அவரை வீட்டை விட்டு வெளியே விடாதே.

ஏன் என்று சொல்கிறேன். இந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. பிள்ளைகள் தப்பு செய்தால் பிள்ளைகளுக்குத் தண்டனை. பெரியவர்கள் தப்பு செய்தாலும் பிள்ளைகளுக்குத்தான் தண்டனை. மைதான ஓரத்தில் நிற்கிற பெற்றோர், சொந்தக்காரர் யாராவது நடுவரிடம் வாயைக் கொடுத்தால் அந்தப் பக்கம் முழுவதற்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை. போட்டி முழுவதற்கும் சேர்த்து மூன்றாவது எச்சரிக்கை வந்தால் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது, அணி வெளியே. எங்கள் பக்கத்துக்கு ஏற்கெனவே இரண்டு வந்தாகிவிட்டது. ஒன்று அத்தான் வாங்கிக் கொடுத்தது. இன்னொன்று, சொல்லவே நா கூசுகிறது, உன் தம்பி வாங்கியது. பள்ளிக்கூடத்தில் கூட ஒரு அடி வாங்காத உன் தம்பி.

முதலில் அந்த நடுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர்கள் எல்லோரும் விசிலம்மா என்பார்கள், அவர் காதுபட அல்ல. வார நாட்களில் நூலகத்தில் வேலை. அங்கேயும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, இங்கேயும் திறக்கக் கூடாது. நல்ல உயரம். விசிலை வாயில் வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒரு கண்ணை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்து ஒரு பார்வை பார்ப்பார் பார், நான் பக்கத்தில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். எவ்வளவு கோபம் இருந்தால் ஒரு மனுஷி இரண்டு கண்ணாலும் பார்க்கப் பிடிக்காமல் ஒரு கண்ணால் பார்ப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அத்தான் அன்றைக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கடைகளில் எடை அளவு பரிசோதிக்கிற ஆபீசரான அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மைதானத்துக்குக் கூட்டி வா என்று நான்தான் உன்னிடம் கெஞ்சினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வந்தவர் அமைதியாகத்தான் நின்றார். எங்கள் பிள்ளை ஒருத்தி இடது ஓரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு போய் நடுவில் அடித்தாள், இன்னொருத்தி கோல் போட்டாள். எங்கள் பக்கம் குதிக்கிறது, அம்மாக்கள் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள், விசிலம்மாவும் கோல் என்று விசில் ஊதிவிட்டார். அப்போது அத்தான் கத்தினார். "அது கோல் இல்ல! பந்து கோட்டைத் தாண்டி வெளிய போயிடுச்சு! நான் பார்த்தேன்!" நம்ம கோல், அக்கா! நம்ம பிள்ளைகள் போட்ட கோல்! நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அத்தான், அது நம்ம சைடு" என்றேன். "எந்த சைடா இருந்தா என்னடா, வெளிய போனா வெளியதான்" என்றார். அதோடு நிறுத்தினாரா? என் தோளில் கையைப் போட்டு என்னை ஒரு அடி முன்னே தள்ளி, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏம்மா, கண்ணு தெரியலையா உங்களுக்கு? இதோ நிக்கிறான் பாருங்க என் மச்சான், கண்ணாடிக் கடை வச்சிருக்கான், போய் ஒண்ணு மாட்டிக்குங்க!" என்றார். விசிலம்மா ஓடி வந்தார். தலையைத் திருப்பி ஒரு கண்ணால் பார்த்தார். அத்தானை அல்ல, என்னை. கோல் கோல்தான் என்றார், எங்கள் பக்கத்துக்கு எச்சரிக்கை என்றார். எதிர்ப் பக்கத்து ஆட்கள் அத்தானுக்குக் கைதட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இன்றுவரை யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

அத்தான் நல்லவர், அக்கா. அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். காய்கறிக் கடைத் தராசில் முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலே அவருக்கு ராத்திரி தூக்கம் வராது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த மனிதர் கையில் ஹார்னைக் கொடுத்து இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினால் என் பெண்ணின் கதி என்ன ஆகும்?

சரி, நடந்தது நடந்துவிட்டது, இனி நடுவரோடு எப்படியாவது நல்ல பெயர் எடுத்துவிட வேண்டும் என்று நான் கிளம்பினேன். என் மனைவி, "நீங்க சும்மா நின்னாலே போதும், எதுவும் பண்ணாதீங்க" என்றாள். கேட்டேனா? ஒவ்வொரு அணியும் பெரியவர் ஒருவரைக் கொடி பிடிக்கத் தர வேண்டும் என்பது இங்கே வழக்கம். பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பயிற்சியாளர், அவர் பகலில் குழாய் ரிப்பேர் செய்கிறவர், என்னிடம் வந்து, "சார், நீங்கதான் எதுக்கும் சத்தம் போட மாட்டீங்க, பிடிங்க" என்று கொடியைக் கையில் திணித்துவிட்டார். ஆட்டத்துக்கு முன்னால் விசிலம்மா எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. "கொடியைத் தூக்கினா, நான் பார்க்கிற வரைக்கும் இறக்கக் கூடாது."

நான் இறக்கவில்லை. அதுதான் நான் செய்த குற்றம். பந்து என் காலடியிலேயே கோட்டைத் தாண்டிப் போனது, தூக்கினேன். விசிலம்மாவுக்கு இடது பக்கம் நான் நின்றேன். அவர் பார்க்கவில்லை. ஆட்டம் மறு கோடிக்குப் போனது, நான் தூக்கிக்கொண்டே நின்றேன். அங்கே ஒரு கோல் விழுந்தது, கொண்டாடினார்கள், தண்ணீர் குடித்தார்கள், மறுபடி ஆடினார்கள், என் கை மேலேயே இருந்தது. வலது கை மரத்துப்போனதும் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டேன். இறக்கிவிடலாமா என்று தோன்றும், உடனே அந்த ஒற்றைக் கண் பார்வை ஞாபகம் வரும், இன்னும் கொஞ்சம் மேலே தூக்குவேன். எதிர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து, "ஏன் சார், எங்கயாவது பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டு என் தோளைத் தேய்த்துவிட்டுப் போனார். என் பெண் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று இரண்டு கையுறையாலும் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பாதி ஆட்டம் முடிந்ததும் விசில் ஊதினார். அப்போதும் அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லையே, நான் என்ன செய்ய? கொடியைத் தூக்கியபடியே தண்ணீர்ப் பானை வரைக்கும் நடந்து போனேன். அங்கேதான் அவர் பார்த்தார். "என்ன சார் இது?" என்றார். "நீங்க பார்க்கலை மேடம்" என்றேன். சத்தியமாக அதற்கு மேல் எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அத்தான் அன்றைக்குச் சொன்னது அவர்களுக்கும் ஞாபகம் இருந்தது. விசிலம்மாவுக்கும் ஞாபகம் இருந்தது.

இதோடு விட்டிருந்தாலாவது தப்பித்திருப்பேன். ஆட்டம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஓடினேன். அப்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. விசிலம்மாவின் நெற்றியில் தண்ணீர், கைக்கடிகாரத்தின் மேலே தண்ணீர், அவர் அதை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயோ பாவம் என்று இருந்தது. உதவி செய்தால் மனசு இளகும் என்று தோன்றியது. சட்டைப் பையில் கையை விட்டேன். என் பையில் என்ன இருக்கும் அக்கா? கண்ணாடி துடைக்கிற துணிதான் இருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பழக்கத்தில் எடுத்து நீட்டுகிற மாதிரியே இரண்டு கையாலும் நீட்டி, பழக்கத்தில் சிரித்தும் வைத்தேன். அந்தத் துணியில் கடை முகவரியும், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் "தெளிவாகப் பாருங்கள்" என்றும் அச்சடித்திருக்கும் என்பது அவர் வாங்கி விரித்துப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது எச்சரிக்கை. பயிற்சியாளர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் உன் மருமகள் கையுறையில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாள். "அப்பா, இத்தனை நாளும் எத்தனை பந்து பிடிச்சேன். வெளிய நிக்கிறவங்களால வெளிய போறது மட்டும் வேணாம்ப்பா." எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்திருக்கிறாள். ஆனால் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கண்ணாடியை ஏற்றி வைத்திருக்க வேண்டும், கையை வெளியே நீட்டக் கூடாது. மாமா வரவே கூடாது. அவர் மனசு நோகும் என்பதால் அதை என்னைச் சொல்லச் சொல்லிவிட்டாள். எனக்கு அத்தானிடம் சொல்லத் தைரியம் இல்லை, ஆகையால் உன்னிடம் சொல்கிறேன்.

எப்படி நிறுத்துவது என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியை அன்றைக்குக் கழுவச் சொல்லலாம். இல்லை, உனக்குத் தலைசுற்றல் என்று படுத்துக்கொள். அவருடைய அண்ணனைச் சாப்பிட வரச் சொன்னால் இன்னும் நல்லது, அவர் வந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். எதுவும் பலிக்காவிட்டால் வீட்டுத் தராசு தப்பு காட்டுகிறது என்று ஒரு வார்த்தை சொல். பொழுது சாயும் வரை அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நேற்று விசிலம்மா என் கடைக்கு எதிரே வந்து நின்றார். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, தலையைத் திருப்பி, ஒரு கண்ணால் என் கடைப் பலகையையே வெகு நேரம் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். கடைப் பெண், "அண்ணே, அந்த மேடம் போயிட்டாங்க, வெளிய வாங்க" என்று சொன்ன பிறகும் வரவில்லை. இன்று காலையில் மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனாராம். எதற்குப் பார்க்கிறார்? புகார் எழுத முகவரி எடுக்கிறாரா? கடைக்காரன் கேலி செய்தான் என்று மேலே எழுதிப் போட்டால் மூன்றாவது எச்சரிக்கைக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கூடக் காத்திருக்க வேண்டாமே. அக்கா, எனக்கு என்னமோ பயமாகவே இருக்கிறது.

உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். வேண்டாம், சொல்லாதே, எங்கே பார்த்தாய் என்று கேட்பார். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டுக்குள்ளேயே சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

உன் ஆசிகளை எதிர்பார்க்கும்,
பயந்த சுபாவமுள்ள தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்ட நாக்கை நீட்டியபோது கடைக் கதவைத் தட்டினார்கள். விசிலம்மா. மேசைக்கு அடியில் இருந்துகொண்டே, "கடை சாத்தியிருக்கு மேடம்" என்றேன். கதவுக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்து, "அங்க என்ன சார் பண்றீங்க?" என்றார். "ஸ்க்ரூ தேடுறேன் மேடம்" என்றேன். கதவைத் திறந்தேன். திறக்காமல் இருக்க முடியுமா? பையிலிருந்து என் துணியை எடுத்து மேசை மேல் வைத்தார். துவைத்து மடித்து வைத்திருந்தார். "இதுல அட்ரஸ் இருந்துச்சு. ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிப் போனேன், கூச்சமா இருந்துச்சு. கண்ணு டெஸ்ட் பண்ணணும் சார்" என்றார்.

வலது கண்ணால் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணால் படிக்கச் சொன்னேன். இரண்டு வரி படித்தார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். தலை மெதுவாக ஒரு பக்கம் திரும்புகிறது, மூடி வைத்திருக்கிற நல்ல கண் முன்னுக்கு வரப் பார்க்கிறது. அக்கா, தினமும் கடையில் நூறு பேர் இப்படித் தலையைத் திருப்பி நான் பார்க்கிறேன். இந்த அம்மா திருப்பும்போது மட்டும் கோபம் என்று நினைத்து நடுங்கியிருக்கிறேன். என் தொழிலில் மண்ணை அள்ளிப் போட.

இப்போது சொல்ல வேண்டுமே! சொன்னால் அத்தான் சொன்னது சரியாகிவிடும். சொல்லாவிட்டால் நான் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். "இடது கண்ணுல கொஞ்சம் பவர் வந்திருக்கு மேடம். புதுக் கண்ணாடி பழக நாலஞ்சு நாள் ஆகும்" என்றேன்.

மேசை மேல் இருந்த துணியை ஒருமுறை பார்த்தார். "அப்போ அந்த கோல்?" என்றார்.

"எனக்குத் தெரியாது மேடம்."

"உங்க கொடி?"

"அது... தூக்கித்தான் வச்சிருந்தேன் மேடம்."

சிரித்தார், அக்கா. விசிலம்மாவுக்குப் பல் இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் சொன்னார். "பல வருஷமா விசில் ஊதறேன் சார். கத்தாத பக்கம்னு ஒண்ணு கிடையாது. எல்லாரும் அவங்கவங்க பிள்ளைக்குத்தான் கத்துவாங்க. சொந்தப் பிள்ளைங்க போட்ட கோல இல்லைன்னு கத்தின ஆளை அன்னைக்குத்தான் பார்த்தேன். ராத்திரி முழுக்க அது மண்டையில ஓடிச்சு. யார் சார் அவரு?"

"என் அத்தான் மேடம்."

"எச்சரிக்கை எச்சரிக்கைதான், கத்தினது தப்பு. ஆனா புதுக் கண்ணாடிக்குக் கண்ணு பழக நாலஞ்சு நாள் ஆகும்னு நீங்களே சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை என் இடது பக்கத்துல நம்பி நிறுத்த ஒரு ஆள் வேணும். உங்க பக்கத்துக் கொடியை அவர் பிடிப்பாரா? கொடி பிடிக்கிறவங்க வாயைத் திறக்கக் கூடாது, அதையும் சொல்லிடுங்க."

அவர் வர மாட்டார் மேடம், வீட்டில் தராசு ரிப்பேர் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார். "வருவார் மேடம்" என்றேன்.

பள்ளி விட்டுக் கடைக்கு வந்த உன் மருமகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கதி கலங்கி நின்றேன். "உன் கோல்ல பந்து ஒரு நூல் தாண்டினாலும் மாமா கொடியைத் தூக்கிடுவார்டி, இரக்கமே காட்ட மாட்டார்" என்றேன். அவள் கையுறையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். "மாமா தூக்கினா அது நிஜமாவே தாண்டியிருக்கும்ப்பா. அப்புறம் நான் ஏன் அழப்போறேன்?" என்றாள்.

ஆகவே அக்கா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. தொட்டியைக் கழுவ வேண்டாம், அண்ணனைக் கூப்பிட வேண்டாம், தராசைப் பற்றி மூச்சு விடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தானைச் சீக்கிரமே கிளப்பி அனுப்பிவிடு. நீயும் வா, காரில் என் பக்கத்தில் உட்காரலாம். ஹார்னை மட்டும் எங்காவது ஒளித்து வைத்துவிடு.